நிழற்படமும் நிறைகுறையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிக் கண்டியில் நடைபெற்ற இளைஞர் நிழற்படக் காட்சியின்போது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு. அன்பர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் வெளியாகிறது.)

 

இரண்டு வாரங்களுக்கு முன் சங்கத்தின் செயலாளர் என் வீட்டிற்கு வந்தார். "ஐயா, எங்கள் பிள்ளைகள் எடுத்த படங்களைக் காட்சிக்கு வைக்கப் போகிறோம். நீங்கள் வந்து பார்த்து, எது சரி எது பிழை என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார். நானும் தயங்காமல் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் பயம் பிடித்தது. சமையலைக் குறை சொன்னவனுக்கு மறுநாள் சோறு கிடையாது. படத்தைக் குறை சொன்னவனுக்கு மறுநாள் வணக்கம் கிடையாது. இந்த வயதில் இரண்டையும் இழக்க நான் தயாரில்லை.

இன்று ஒரு மணி நேரம் முந்தியே வந்து, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். மொத்தம் 42 படங்கள். அவற்றுள் 9 படங்கள் நமது கண்டி ஏரி. 6 படங்கள் பேராதனைப் பூந்தோட்டத்தின் பனைவரிசை. 5 படங்கள் பெரஹர யானை. மற்றவை கோயில் தேர், தேயிலை மலை, புகையிரதம், தங்கச்சி, பூனை. ஒவ்வொரு படத்தின் முன்னும் நான் நின்றபோது, அதை எடுத்த பிள்ளை சற்றுத் தள்ளி நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தேன். ஒரு தம்பி மட்டும் துணிந்து கிட்ட வந்து, "சேர், நல்லாயிருக்கா?" என்று கேட்டார். "நல்லாயிருக்கு" என்றேன். முகமெல்லாம் மலர்ந்து போய்விட்டார்.

இப்போது அந்தத் தம்பியிடம் எல்லோர் முன்னிலையிலும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். என் விடையால் அவருக்கு ஒரு காசுப் பயனும் இல்லை. அவர் கேட்டது பயனற்ற கேள்வி. நான் சொன்னது பயனற்ற பதில். படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒருவர் எப்படிக் கேட்க வேண்டும், பார்க்கிற பெரியவர் எப்படிச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னதாகப் படத்தை எப்படி அமைக்க வேண்டும் என்பவையே இன்று நான் பேச வந்த பொருள்.

கண்ணும் கமராவும்

முதலில் ஓர் அடிப்படையான விஷயம். நமது கண் பார்ப்பதில்லை. கண்ணின் வழியாக மனம் பார்க்கிறது. ஏரிக்கரையில் நிற்கும்போது நீங்கள் தண்ணீரையும், நடுவிலுள்ள தீவையும், அப்பால் மலையையும் பார்க்கிறீர்கள். அதே இடத்தில் ஒரு குப்பைத்தொட்டியும், நாலைந்து மின்கம்பிகளும், புகைவிட்டுப் போகிற பஸ் வண்டியும் இருக்கின்றன. அவற்றை உங்கள் மனம் விலக்கிவிட்டது. கமராவுக்கு மனம் கிடையாது. அது எதையும் விலக்காது. குப்பைத்தொட்டிக்கும் மலைக்கும் ஒரே மரியாதை கொடுக்கும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கும்போது, "நான் பார்த்தது இதுவல்லவே!" என்று வருந்துகிறோம். வருத்தம் நியாயமானது. மனம் செய்த வேலையைக் கைகள் செய்யவில்லை என்பதே அதன் காரணம்.

படத்தின் அமைப்பு என்று நாம் சொல்வது இதைத்தான். எதைச் சேர்ப்பது என்பதைவிட, எதை விலக்குவது என்பதே அதில் பெரிய பங்கு. ஓவியன் வெறுந்தாளில் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறான். படம் பிடிப்பவனோ நிறைந்து வழியும் உலகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறான். ஓரடி இடப்புறம் நகர்ந்தால் ஒரு கம்பம் மறைகிறது. முழங்காலிட்டு உட்கார்ந்தால் வீதி முழுவதும் மறைந்து, வானம் பின்புலமாகிறது. இரண்டடி முன்னே போனால் தேவையற்ற நாலு பேர் வெளியேறுகிறார்கள். விலைகூடிய கமரா செய்யாத காரியத்தை நமது கால்கள் செய்யும்.

கோயில் கற்பிக்கும் பாடம்

இதைக் கற்க வெளிநாட்டுப் புத்தகம் தேடிப் போக வேண்டியதில்லை. கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்துக்குப் போங்கள். எந்தச் சைவக் கோயிலானாலும் சரி. கொடிமரத்தடியில் நின்று உள்ளே பாருங்கள். ஒரு வாசலுக்குள் இன்னொரு வாசல்; அதற்குள் இன்னொன்று. போகப் போக வாசல் சிறிதாகிறது, இருள் கூடுகிறது. கடைசியில் இருளின் நடுவே ஒரு விளக்கு, விளக்கொளியில் மூர்த்தி. நீங்கள் விரும்பினாலும் உங்கள் கண் வேறெங்கும் போகாது. சட்டத்துக்குள் சட்டம், ஒரே நேர்க்கோடு, இருளுக்கு நடுவே ஒளி. படக்கலை ஆசிரியர்கள் மூன்று வகுப்பில் சொல்லித்தரும் பாடத்தை நம் சிற்பிகள் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

திரை விலகித் தீபாராதனை நடக்கும்போது குருக்களுடைய கையைக் கவனியுங்கள். ஒளி ஓரிடத்தில் நிற்பதில்லை. அந்த ஒளி போகும் வழியே நம் பார்வையும் போகிறது. பார்ப்பவருடைய கண்ணைக் கைப்பிடித்து நடத்திச் செல்வது என்றால் இதுதான். உங்கள் படமும் அப்படி ஒரு தீபாராதனையாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்று: மூலத்தானத்தைப் படம் பிடிக்காதீர்கள். அங்கே கற்க வேண்டியதைக் கற்றுக்கொண்டு, வெளியே வந்து படம் பிடியுங்கள்.

கண்டியைப் படம் பிடித்தல்

இனி நமது ஊருக்கு வருவோம். கண்டி ஏரியை அமைத்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ஆண்டு 1807. அன்று முதல் இன்று வரை அதைப் பார்க்காத கண்ணில்லை. கமரா வந்த பின் அதைப் பிடிக்காத கமராவும் இல்லை. இங்கே மாட்டியுள்ள 9 ஏரிப் படங்களில் 7 படங்களில் கரைக்கோடு படத்தைச் சரிபாதியாக வெட்டிச் செல்கிறது. மேலே பாதி மலையும் வானமும், கீழே பாதி தண்ணீர். இரண்டும் சரிசமமாகப் பங்கு கேட்டு வழக்காடுகின்றன. பார்ப்பவனுக்கு எந்தக் கட்சியில் சேருவதென்று தெரியவில்லை.

ஏரி முக்கியமா, மலை முக்கியமா என்பதை எடுக்குமுன்னரே தீர்மானியுங்கள். காலையில் தண்ணீரில் மலையின் நிழல் தெளிவாக விழுந்திருந்தால், தண்ணீருக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். மழைமேகம் ஹந்தானை மலைமேல் இறங்கிக்கொண்டிருந்தால், வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். இதை மூன்றிலொரு பங்கு விதி என்பார்கள். இந்த விதிக்குப் பெயரிட்டு எழுதியவர் ஜோன் தோமஸ் சிமித் என்ற ஆங்கிலேய ஓவியர். அவர் கிராமக் காட்சிகளைப் பற்றிய தமது நூலில் அதை எழுதிய ஆண்டு 1797. நிழற்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். ஆகவே விதி கமராவைவிட 42 ஆண்டு மூத்தது. உங்கள் கைத்தொலைபேசியிலும் குறுக்கும் நெடுக்குமாக நான்கு கோடுகளைத் திரையில் காட்டும் வசதி உண்டு. ஆறு மாதம் அதைத் திறந்து வைத்துப் பழகுங்கள். பிறகு மூடிவிடுங்கள். நடை பழகியவன் நடைவண்டியைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை.

ஏரிக்கரையில் அலையலையாக ஓடும் முகில் மதில் இருக்கிறது. அது ஒரு கோடு. அதன் அருகில் நின்று, மதில் படத்தின் கீழ்மூலையில் தொடங்கித் தூரத்தில் போய் முடியும்படி எடுத்தால், பார்ப்பவனுடைய கண் அந்த வழியே நடந்துபோகும். ஆனால் நடந்துபோன கண்ணுக்கு அங்கே ஏதாவது காத்திருக்க வேண்டும். ஒரு பிக்குவோ, குடை பிடித்த பெண்ணோ, ஒற்றைக் கொக்கோ! பேராதனைப் பனைவரிசைப் படங்கள் ஆறிலும் உள்ள குறை இதுதான். 1821இல் தொடங்கிய அந்தத் தோட்டம் 147 ஏக்கர் பரப்புடையது. அதில் நமது பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள். அருமையான பாதை; இரு பக்கமும் மரங்கள் காவலர்போல் நிற்கின்றன; பாதை முடியும் இடத்தில் ஒன்றுமில்லை. விருந்துக்கு அழைத்துப் பந்தலெல்லாம் போட்டு, இலையில் சோறு வைக்க மறந்தது போலிருக்கிறது. கால் மணி நேரம் காத்திருங்கள்; தோட்டக்காரர் ஒருவர் துடைப்பத்தோடு வருவார். அவர் வந்தவுடன் படம் படமாகிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பகல் வெயில் மனிதமுகத்துக்குப் பகைவன். கண்குழிகளில் கறுப்பை அப்பிவிடும். காலை 8 மணிக்கு முன்னும், மாலை 4 மணிக்குப் பின்னும் வெளிச்சம் சாய்வாக விழுந்து உருவத்துக்குத் திரட்சி தரும். தலதா மாளிகையின் முன்வாசல் மேற்கு நோக்கியிருப்பதால், அதன் முகப்பு பிரகாசிப்பது மாலையில். கண்டியில் மழையும் மூடுபனியும் உண்டென்று யாரும் கவலைப்பட வேண்டாம். மூடுபனி நமக்கு இலவசமாகக் கிடைத்த உதவியாள். வேண்டாத பின்புலத்தையெல்லாம் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, முன்னே நிற்பதை மட்டும் விட்டுவைக்கும்.

பெரஹரவைப் பற்றியும் கேட்டார்கள். அங்கே எல்லோரும் முழு யானையையும், முழு ஊர்வலத்தையும், முழுக் கூட்டத்தையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள். கடலைக் குடத்தில் அடைக்க முடியுமா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கொப்பராத் தீப்பந்தம் ஏந்திவரும் பையனுடைய முகம் போதும். அந்த முகத்தில் விழும் நெருப்பொளியே யானையையும் மேளத்தையும் சொல்லிவிடும். மின்னொளி விளக்கை அணைத்துவிடுங்கள். அது யானைக்கும் இடைஞ்சல், இரவின் அழகுக்கும் கேடு.

கடைசியாக ஒரு சிறு பழக்கம். பொத்தானை அழுத்துமுன், நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் அம்மா அடுப்பையும், விளக்கையும், பின்கதவையும் ஒருமுறை பார்க்கிறாரல்லவா? அதுபோல. தலையின் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறதா? பாதம் வெட்டுப்பட்டிருக்கிறதா? மூலையில் யாருடைய முழங்கையாவது எட்டிப் பார்க்கிறதா? இரண்டு வினாடி வேலை. இந்த மண்டபத்திலுள்ள படங்களில் பாதியை அந்த இரண்டு வினாடி காப்பாற்றியிருக்கும்.

எங்கள் காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 12 படந்தான். ஒவ்வொன்றும் காசு. ஆகவே அழுத்துமுன் பத்துத் தடவை யோசித்தோம். எங்களுக்கு முந்தியவர்களின் பாடு இன்னும் பெரிது. 1860களில் கண்டியில் தொழில் நடத்திய ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர், 1870ஐ அடுத்து அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைப் படம் பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் பிடித்து, உடனேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவியெடுக்க வேண்டும். காட்டுக்குள் கண்ணாடிகளையும் மருந்துப் போத்தல்களையும் கூடாரத்தையும் சுமந்துகொண்டு போனவர், நின்ற இடத்திலெல்லாம் பொத்தானை அழுத்தியிருப்பாரா? உங்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. அது வரம், சாபமும் அதுவே. நூறு எடுங்கள், பிழையில்லை. ஆனால் நூறில் ஒன்றைத் தேர்ந்து, மற்றத் தொண்ணூற்றொன்பதை ஏன் தள்ளினேன் என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

அபிப்பிராயம் கேட்கும் முறை

இனிக் கேள்விக்கு வருகிறேன். படத்தைக் காட்டி "நல்லாயிருக்கா?" என்று கேட்பது, "என்னைப் பிடிக்குமா?" என்று கேட்பதற்குச் சமம். அன்புள்ள எவரும் "ஆம்" என்றே சொல்வார். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதற்கேள்வி: "உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று?" நீங்கள் தேரைக் காட்ட எண்ணினீர்கள், பார்த்தவர் மூலையிலிருந்த சிவப்புக் குடையைச் சொன்னால், தேர் தோற்றுவிட்டது, குடை வென்றுவிட்டது. இதில் வாதாட இடமில்லை. அவர் தமது கண்ணைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்.

இரண்டாவது கேள்வி: "இதில் எதை எடுத்துவிட்டால் ஒரு குறையும் வராது?" அவர் காட்டும் பொருளை விரலால் மறைத்துப் பாருங்கள். படம் மேம்பட்டால் அவர் சொன்னது சரி. அடுத்தமுறை அங்கே எங்கே நிற்பதென்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது கேள்வி: "இந்தப் படம் எதைச் சொல்கிறது?" அவர் சொல்வதும் நீங்கள் எண்ணியதும் ஒன்றானால் மகிழுங்கள். வேறானால், அவசரப்பட்டு விளக்கம் சொல்லாதீர்கள். நீங்கள் எல்லா வீட்டுக்கும் படத்தோடு கூடவே போய் நின்று விளக்கம் சொல்ல முடியாது.

கேட்டபின் வாயை மூடிக்கொண்டு, கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இடத்துக்குப் போய், அதே பொருளை மறுபடியும் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குற்றம் கண்டு இடித்துரைப்பவரைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் அரசனுக்கே அறிவுரை சொல்லியிருக்கிறார். அரசனுக்கு வேண்டிய துணை, கமரா பிடித்தவனுக்கு வேண்டாமா?

ஆனால் சொல்கிறவர்கள் எல்லோரும் எப்போதும் சரியாகவே சொல்வார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். நமது மலைநாட்டிலே, பொகவந்தலாவைத் தேவாலயத் தோட்டத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரன் என்ற மாதுடையது. பெயரிலேயே கமரா இருப்பதுபோல் தோன்றுகிறது! 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவை வைத்துக்கொண்டு படம் பிடிக்கத் தொடங்கினார். படங்கள் தெளிவில்லை, மங்கலாயிருக்கின்றன, கண்ணாடியில் கறை தெரிகிறது என்று அக்காலத்து இங்கிலாந்தின் படக்கலைப் பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. அந்த மாது மாறவில்லை. ஊசிமுனைத் தெளிவு அவருக்குத் தேவைப்படவில்லை. முகத்தின் உள்ளே இருப்பதே தேவைப்பட்டது. இன்று அந்தப் பத்திரிகைக்காரர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. கமரன் அம்மையாரின் படங்களை உலகத்தின் பெரிய நூதனசாலைகள் போற்றி வைத்திருக்கின்றன. ஆகவே குறையைக் கேளுங்கள். பிறகு, "நான் நாடியது எது?" என்று உங்களையே கேளுங்கள். நாடியது தெரிந்தவனுக்கு மட்டுமே குறையைத் தள்ளும் உரிமை உண்டு. கை நடுங்கி மங்கிய படத்தைக் காட்டி, "நானும் கமரன் அம்மையார்தான்" என்று சொல்லக்கூடாது.

கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் அவர்களையும் நினைவுகூர வேண்டும். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பதில் வல்லவர். 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற படத்தில், கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபட் நொக்ஸின் பழைய வசனங்களை வாசிக்கும் குரல் அவருடையதே. இந்நாட்டு மக்களையும் மரஞ்செடிகளையும் கடற்கரையையும் அவர் எடுத்த படங்கள், 1944இல் அவர் 44 வயதில் மறைந்தபின், 1950இல் புத்தகமாக வெளிவந்தன. அதைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு பொருளே நாயகம். மற்றவையெல்லாம் அதற்கு அடங்கி நிற்கும். சங்கீதம் பயின்றவரல்லவா? எங்கே மௌனம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

காணாமற்போன கைகள்

கமரன் அம்மையாரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் உண்டு: கவிஞர் டெனிசன், விஞ்ஞானி டார்வின், ஹேர்ஷல். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகுமட்டும் அவர் எடுத்த படங்களில் எஞ்சியவை சிலவே. அவற்றில் காணப்படும் நம் நாட்டு முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. அழகிய முகங்கள்; யார் என்று தெரியாது. இதைச் சொல்லி அவரைக் குற்றஞ்சாட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதைச் செய்தவன்.

1979ஆம் ஆண்டு. எனக்கு இளம் வயது. மாமா கொடுத்த பழைய கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஹந்தானைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றுக்குப் போனேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு வயதான அம்மா பாதையோரத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுவதும் சுருக்கம். சாய்ந்த வெயில் ஒவ்வொரு சுருக்கத்திலும் கோடு போட்டிருந்தது. "ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்றேன். "இருங்க தம்பி, முகத்த கழுவிட்டு வாறேன்" என்று எழுந்தார். வெயில் போய்விடுமே என்ற அவசரம் எனக்கு. "வேண்டாம் ஆச்சி, இப்படியே நல்லாயிருக்கு" என்று சொல்லி, கிட்டப் போய் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒரு சிறிய காட்சியில் மாட்டினார்கள். அங்கே ஒரு பெரியவர் நெடுநேரம் அதன்முன் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்று, "எப்படி ஐயா?" என்றேன். அவர் திரும்பி, "இவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "படம் நன்று" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படத்தின் பிரதியொன்றை எடுத்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து அந்த ஆச்சியின் லயத்துக்குப் போனேன். படத்தை இரு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பேத்தியிடம் கொடுத்தார், மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என் கையைக் காணோமே தம்பி" என்றார். "இந்தக் கையாலதானே இத்தனை வருஷம் கொழுந்து எடுத்தேன். புள்ளைங்கள வளத்தது இந்தக் கைதானே. அத விட்டுட்டீங்களே."

இளைஞர்களே, படத்தின் அமைப்பைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். எத்தனையோ அறிஞர்களின் விமரிசனத்தைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆச்சி சொன்ன அந்தச் சொல்லுக்கு எதுவும் ஈடாகாது. நான் என் கண்ணுக்கு அழகாயிருந்த சுருக்கத்தை எடுத்தேன். அவருடைய வாழ்க்கையைச் சட்டத்துக்கு வெளியே வெட்டிவிட்டேன். எதை விலக்குவது என்று இவ்வளவு நேரம் பேசினேனல்லவா? விலக்கக்கூடாததை விலக்கிய பிழை என்னுடையது. அந்தப் பிழையை எந்த விதியும் எனக்குக் காட்டவில்லை. எடுக்கப்பட்டவரைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்றே மறுபடியும் எடுத்தேன். அவர் முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்திக்கொண்டு வருமட்டும் காத்திருந்தேன். வாசற்படியில் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் மடியில். வெயில் போய்விட்டது, வானம் மூடியிருந்தது, ஆயினும் அந்த மெல்லிய வெளிச்சம் முகத்திலும் கைகளிலும் சமமாக விழுந்தது. அந்தப் படம் எந்தக் காட்சியிலும் மாட்டப்படவில்லை. அவருடைய வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானபோது, மாலை போட்டு விளக்கேற்றி வைத்ததும் அந்தப் படத்துக்குத்தான். அவர் வீட்டில் அவருக்கு வேறு படமே இருக்கவில்லை. அவருடைய பெயர் இப்போது எனக்குத் தெரியும். பிரதியின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதை மேடையில் சொல்லும் உரிமை அவர் வீட்டாருக்கே உண்டென்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

ஆகவே முன் சொன்ன மூன்று கேள்விகளோடு நான்காவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதரைப் படம் எடுத்தால், முதற்பிரதியை அவரிடமே காட்டி, "இது நீங்கள்தானா?" என்று கேளுங்கள்.

பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளைகள் படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, "நல்லாயிருக்கு" என்று சொல்லித் துரத்திவிடாதீர்கள். "இதென்ன படம்!" என்று சொல்லி உடைத்துவிடவும் வேண்டாம். முதலில் அதில் நீங்கள் காண்பதைச் சொல்லுங்கள். அதன்பின் ஒரே ஒரு குறையைச் சொல்லுங்கள். பத்துக் குறையை ஒரே நாளில் யாராலும் திருத்த முடியாது. நாற்றுக்கு ஒரு செம்பு தண்ணீர் போதும். குடத்தோடு கவிழ்த்தால் வேர் கிளம்பிவிடும்.

இன்னொன்றும் சொல்வேன். நமது வீடுகளில் பழைய படங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. இடப்பெயர்விலும் கலவரத்திலும் ஒரு படமேனும் மிஞ்சாமல் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மிஞ்சியவற்றின் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் இன்றே எழுதி வையுங்கள். பாட்டியின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கலாம்.

பேச்சை முடிக்கிறேன். "நல்லாயிருக்கா?" என்று கேட்ட அந்தத் தம்பி இன்னும் இங்கேதான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். தம்பி, உம்முடைய தேர்ப் படத்தில் என் கண் முதலில் போனது வலப்பக்கத்து மூலையிலுள்ள குளிர்பான விளம்பரத்துக்கு. அதை விரலால் மறைத்துப் பார்த்தேன். வடம் பிடித்த அந்தச் சிறுபிள்ளையின் முகம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அருமையான முகம். அதைக் கண்டு எடுத்தது உமது கண். அடுத்த வருடத் தேரில் இரண்டடி இடப்புறம் தள்ளி நின்று எடும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரே ஒரு படம் கொண்டுவாருங்கள். கைத்தொலைபேசியில் வேண்டாம், தாளில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். முன்புறத்தை நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். பின்புறத்தில் படத்திலிருப்பவருடைய பெயர் எழுதியிருக்கிறதா என்று நான் பார்ப்பேன்.